மாமா தூசு மெஷின் பார்த்த கதை

என் மாமாவோடு கடைக்குப் போய் வந்தவர்கள் யாரும் இரண்டாவது முறை போனதில்லை. மனுஷர் நல்லவர்தான். குடி கிடையாது, கோபம் கிடையாது, கடைக்காரனை ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஆனால் பார்ப்பார். சாமானைத் திருப்பிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், இதற்கு அடுத்த தினுசு இருக்கிறதா என்று கேட்பார். கடையையே கலைத்துப் போட்டுவிட்டு, "சரி, யோசிச்சிட்டு வர்றேன்" என்று வெறுங்கையோடு படி இறங்கிவிடுவார். கூடப் போன நமக்குத்தான் மானம் போகும்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற கம்பெனியில், மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர். நான் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு வீடு என்றால் அக்கா வீடுதான். லீவு கிடைத்தால் பஸ் ஏறிவிடுவேன். அதனால் மாமாவின் இந்தக் குணத்தைப் பக்கத்திலிருந்தே பார்த்து வயிறெரிந்தவள் நான். அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. நினைத்தால் இன்னும் எரிகிறது.

அவர்கள் கல்யாணமான புதிதில் நடந்தது இது. எழுபதுகளின் ஆரம்பம். ஆம்பூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடி வீடு, உள்ளே உட்கார்ந்தால் வெந்துபோகும். ஒரு ஃபேன் வாங்குங்கள் என்று அக்கா சொன்னாள். மாமாவும் உடனே கிளம்பினார். ஆம்பூரில் பார்த்தார், வாணியம்பாடியில் பார்த்தார், வேலூருக்கு வந்து என்னையும் இழுத்துக்கொண்டு மெயின் பஜார் முழுக்கப் பார்த்தார். மூன்று றெக்கை ஃபேனில் காற்று வேகமாக வருமாம், நாலு றெக்கையில் பரவலாக வருமாம்.

"எதையாவது ஒண்ணை வாங்குங்க மாமா. அக்கா தரையில தண்ணி தெளிச்சிட்டுப் படுக்கறா."

"வாங்கலாம் லில்லி. ஒரு தடவை வாங்கினா இருபது வருஷம் சுத்தணும். அவசரப்பட்டு பேஜார் ஆய்டக் கூடாது."

சித்திரை போனது, வைகாசி போனது. ஃபேன் வந்தது கார்த்திகை மாசத்தில். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, அக்கா போர்வைக்குள் நடுங்குகிறாள், இவர் நாற்காலி மேல் ஏறி ஃபேனை மாட்டிவிட்டு, "இப்ப பாரு காத்து!" என்கிறார். அது அருமையான ஃபேன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிள்ளை பிறந்தபோது இன்னும் மோசம். ஞானஸ்நானத்தன்று சபையார் எல்லாரும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேர் இருக்குதுங்க ஐயரே."

சபையே சிரித்தது. ஐயர் ஈரக்கையோடு நிற்கிறார், பிள்ளை வீறிடுகிறது. அக்காதான் சட்டென்று, "ரூத்" என்றாள். அதோடு முடிந்ததா? முடியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும், கணக்கில் மார்க்கு குறைந்தால் கூட, "எஸ்தர்னு வெச்சிருக்கலாமோ?" என்பார். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

இப்படிப்பட்டவர் கம்பெனியில் எப்படிக் காலம் தள்ளுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கே என்னடாவென்றால் அவருக்கு ராஜ மரியாதை. பஃபிங் மெஷின் என்று ஒன்று உண்டு. தோலை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்குவது. அதிலிருந்து மாவு போலத் தோல் தூசு பறக்கும். அந்தத் தூசை உறிஞ்சி எடுக்கிற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போட்டவரே மாமாதான். அது வந்த பிறகு அந்த செக்‌ஷனில் இருமல் சத்தம் கம்மி ஆகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்த முதலாளி பாயிடம் நான் கேட்டே விட்டேன், இவரை வைத்துக்கொண்டு எப்படி மெஷின் வாங்குகிறீர்கள் என்று. அவர் கடகடவென்று சிரித்தார்.

"அரே சிஸ்டர், உங்க மாமாகிட்ட மூணு மெஷின் காட்டினா என் ஷாப்பை மூடிட வேண்டியதுதான். நான் ரெண்டுதான் காட்டுவேன். சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு சொல்லுப்பான்னுவேன். மூணாவது இருக்குன்னு மூச்சு விடமாட்டேன். ஆனா ஒண்ணு, அவர் கை வெச்ச மெஷின் நின்னதே இல்ல."

இந்த பாய்தான் ஒரு நாள் தெரியாத்தனமாக அக்காவுக்கு வினை வைத்தார். நாட்றம்பள்ளியில் அவர்களுக்கு ஒரு மரம் அறுக்கிற மில் இருந்தது. எண்பதுகளின் ஆரம்பத்தில் அதை மூடினார்கள். அங்கே இருந்த வட்ட ரம்ப மெஷினையும், மரத்தை இழைக்கிற மெஷினையும் மாமா வீட்டுக்கு லாரியில் அனுப்பிவிட்டார். "மரத்து மேல உனக்குப் பிரியமாச்சே, வெச்சிக்கோ" என்றாராம். மாமாவுக்குப் பார்க்கவும் யோசிக்கவும் வழியே இல்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்த சாமான் அவை மட்டும்தான்.

சமையல்கட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மெஷின்களை நிறுத்தினார். ஆம்பூரில் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூட பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, பாதியில் எழுந்து வேலைக்கு ஓடுவார். ஆக வீட்டில் இருப்பது வாரத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளும் கொட்டகைக்குப் போய்விட்டது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு உள்ளே நுழைந்தால் பொழுது சாயத்தான் வெளியே வருவார். ஸ்டூல் செய்வார், தொட்டில் செய்வார், சபைக்குப் பிரசங்க மேடை செய்து கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால் மரத்தை அறுப்பதில் மட்டும் அவருக்கு யோசனையே கிடையாது. பென்சிலால் ஒரு கோடு போடுவார், அறுத்துத் தள்ளுவார். அவ்வளவு அழகாக வரும். இதே ஆளா அது என்று நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் தூசு! அப்பப்பா, அந்தத் தூசு! சாதத்தில் தூசு, காய்ச்சின பால் ஏட்டின் மேல் தூசு, உலர்த்தின துணியில் தூசு, பைபிளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தூசு. வேங்கை மரம் அறுத்தால் கண்ணெல்லாம் காந்தும். கனமான மரத்தூளை அக்கா கூட்டி அள்ளி, மரத்தூள் அடுப்பு வைத்திருக்கிற அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத நைசுத் தூசை எந்த விளக்குமாறு கூட்டும்? அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே லேசாக இழுப்பு உண்டு. மெஷின் வந்த இரண்டாம் வருஷத்தில் அது லேசாக இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால் ஞாயிறு வரைக்கும் உட்கார்ந்தபடியே தூங்குவாள். தோள் இரண்டும் ஏறி இறங்கும். வார்டில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவள் நான், என் அக்காவைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இருந்தும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டீ எடுத்துக்கொண்டு போவாள். மெஷின் சத்தத்தில் அவள் வந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் பதறிவிடுவார்.

"நீ இன்னாத்துக்கு இங்க வர்ற? தூசு ஜாஸ்தி. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ."

அவள் டீயை வைத்துவிட்டு வந்து, முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். ரூத் அப்போது வேலூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் அக்காவைக் காட்டினேன். மாமாவும் வந்திருந்தார். டாக்டரம்மா நேராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணு, வீட்டை விட்டுத் தூசு போகணும். இல்லன்னா இவங்க போகணும். மருந்தெல்லாம் அப்புறம்தான்."

மாமா முகம் வெளுத்துவிட்டது. அக்கா மேல் அவருக்குப் பிரியம் இல்லையென்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "கவலைப்படாத. தூசு இழுக்கிற மெஷின் ஒண்ணு போட்டுடறேன். நல்லதா பாத்துப் போட்டுடறேன்" என்றார். பாத்து என்ற அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தலையில் அடித்துக்கொண்டேன்.

பார்க்க ஆரம்பித்தார். முதலில் கொட்டகைச் சுவரில் பெரிய ஃபேனைப் பதித்துத் தூசை வெளியே தள்ளுவது என்று ஒரு யோசனை. ஆனால் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்துகிற இடம். சரி, அது வேண்டாம். அடுத்தது புளோயர் வைத்து உறிஞ்சித் துணிப்பைக்குள் விடுவது. காற்று துணி வழியாக வெளியே போய்விடும், தூசு பையில் தங்கிவிடும். ஆனால் நைசுத் தூசு துணிக்கண் வழியாகத் தப்பிவிடுமே என்றார். எந்தத் துணியில் எவ்வளவு தப்பும் என்று பார்க்க காடா, டிரில், கான்வாஸ் என்று முழம் முழமாக வாங்கி வந்து அதன் மேல் மைதா மாவைப் போட்டு ஊதிப் பார்த்தார். மைதாவும் பறந்து அக்கா மூக்கில்தான் ஏறியது. மூன்றாவது, டிரம் சமாச்சாரம். புனல் மாதிரி தகரக் கூண்டுக்குள் காற்றைச் சுழலவிட்டால் தூசு சுற்றிச் சுற்றி அடியில் இருக்கிற டிரம்மில் விழுந்துவிடும். அதுதான் உத்தமம் என்றார். ஆனால் அதற்கு உயரம் வேண்டும், கொட்டகைக் கூரையை வெட்ட வேண்டும், பெரிய மோட்டார் வேண்டும், ஆம்பூர் வோல்டேஜ் தாங்குமா?

"தாங்காட்டி பையே போடுங்க மாமா."

"பையில நைசுத் தூசு தப்பிடுமே லில்லி. அவளுக்கு ஆகாததே நைசுத் தூசுதானே?"

"அப்ப கூரையை வெட்டுங்க."

"வெட்டிட்டு வோல்டேஜ் பத்தலைன்னா?"

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். அவர் சொல்கிற ஒவ்வொன்றும் நியாயம்தான், அதுதான் கொடுமை. ஒரு தடவை பாயின் வித்தையை நானும் செய்து பார்த்தேன். "பையா, டிரம்மா? ரெண்டுல ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டேன். மனுஷர் சிரத்தையாக யோசித்தார். டீ குடித்தார். மறுபடி யோசித்தார். சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து, "லில்லி! முதல்ல டிரம், அதுக்கப்புறம் பை. ரெண்டையும் சேத்தே போட்டா இன்னா?" என்றார். மூன்றாவது வழி கண்டுபிடித்துவிட்டார். பாயிடம் சம்பளம் வாங்குகிறார், அதனால் பயம். என்னிடம் என்ன பயம்?

கம்பெனியில் லீவு போட்டு மெட்ராஸுக்குப் போய்க் கடை கடையாகப் பார்த்துவிட்டு வந்தார். கோயமுத்தூரில் இதைவிட நல்லதாகச் செய்கிறார்கள் என்ற தகவலோடு வந்தார். கோயமுத்தூருக்கும் போனார். அங்கே என்ன கண்டார் என்று நான் கேட்கவேயில்லை, கேட்டால் விடிய விடியச் சொல்வார். இத்தனைக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை தவறாமல் ரம்பம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அது வர்ற வரைக்கும் மெஷினை நிறுத்தி வைங்களேன்" என்று நான் கத்துவேன். "இதோ, அடுத்த வாரம் வந்துடுமே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் அதை நிஜமாகவே நம்பினார்.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. நான் ஆம்பூரில் இருந்தேன். மாமா தலையில் ஒரு பெரிய மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தார். பஃபிங் செக்‌ஷனில் புதுப் பை மாற்றியிருக்கிறார்கள். கழித்துப்போட்ட பழைய பையை பாயிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பின்னாலேயே கட்டை வண்டியில் ஒரு இரவல் புளோயர்.

"வாங்கிட்டீங்களா மாமா?" என்றேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"வாங்கலை. சும்மா ஒரு டிரையல்." குரலில் அப்படி ஒரு குதூகலம். "புதுத் துணியில கண்ணு திறந்திருக்கும், நைசுத் தூசு தப்பிடும். பழகின பையில தூசு அடைச்சி அடைச்சிக் கண்ணு சின்னதாயிருக்கும். ஒண்ணும் தப்பாது. இத்தினி நாள் இது புத்தியில படலை பாரேன்!"

அக்கா பையைத் தொட்டுப் பார்த்தாள். முடை நாற்றம். "கொடுங்க, சோடா உப்புப் போட்டுத் தோய்ச்சித் தர்றேன்" என்றாள்.

"ஐயோ, தோய்க்கக் கூடாது! தோய்ச்சா கண்ணு திறந்துக்கும்."

தோய்க்காமலே மாட்டினார். பை பழகினது, சரி. ஆனால் ஆம்பூர் தோல் ஷாப்புகளில் அந்தப் பைக்கென்று கதவு போட்ட தனி அறை இருக்கும். உள்ளே யாரும் நிற்கமாட்டார்கள். பாய் கம்பெனியில் அந்த அறையைக் கட்டச் சொன்னவரே இவர்தான். இங்கே அதைச் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டார். கழற்றி, உருட்டி, தலையில் சுமந்து கொண்டு வந்ததில் உள்ளே படிந்திருந்ததெல்லாம் உதிர்ந்து தயாராக இருந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் பை உப்பியது. அடுத்த நிமிஷம் துணி முழுக்க நீலமும் சாம்பலுமாகப் புகை கிளம்பியது. மரத்தூள் இல்லை, வருஷக்கணக்கான தோல் தூசு. ஜன்னலுக்குள் புகுந்து சமையல்கட்டே மறைந்துபோனது. அக்கா அங்கே அவருக்குப் பிடித்த வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இருமல் கூட வரவில்லை அவளுக்கு. ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலமாகிவிட்டது. நான் அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். மாமா சுவிட்சை நிறுத்திவிட்டு வெறும் காலோடு ஓடிப்போய் ஒரு டாக்ஸியைக் கொண்டுவந்தார். ஆம்பூரிலேயே ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வேலூர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மாமா ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "கர்த்தாவே, கர்த்தாவே." நான் அவரைத் திட்டவில்லை. திட்டினால் அழுதுவிடுவேன் என்றிருந்தது.

ஆக்ஸிஜன் வைத்து, ஊசி மேல் ஊசி போட்டு, அக்கா தேறி எழுந்து உட்கார மூன்று நாள் ஆனது. மாமா கட்டிலைவிட்டு நகரவில்லை. கண் சிவந்து, தாடி வளர்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. இந்த அடி போதும், மனுஷர் திருந்திவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நான் கஞ்சியோடு போகும்போது அவர் போர்வை மேல் விரலால் என்னவோ வரைந்துகொண்டிருந்தார்.

"பையே தப்பு. டிரம்முதான் சரி. ஆனா டிரம்முக்கு மேல குழாயை எந்தப் பக்கம் வெக்கறதுன்னுதான்... நீ இன்னா சொல்ற?"

இத்தனை வருஷத்தில் அவளை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா அவரையே பார்த்தாள். பேச மூச்சு போதவில்லை. நின்று நின்று சொன்னாள்.

"மெஷினையே... நிறுத்திடுங்களேன்."

மாமா விரலை எடுத்தார். யோசித்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"ம். அதுவும் ஒரு வழிதான். அதையும் சேத்துப் பாத்துடறேன்."

கஞ்சித் தம்ளரை அவர் தலையில் கவிழ்க்காமல் இருந்தது என் அப்பா அம்மா செய்த புண்ணியம்.

டாக்டரம்மா அக்காவை ஆம்பூருக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலூர் சாயிநாதபுரத்தில் என் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்கா அழுதாள். அவருக்குச் சோறு யார் போடுவார்கள், கோழிக்கு யார் தண்ணி வைப்பார்கள் என்று கேட்டாள். "தூசு மெஷின் போடட்டும், அடுத்த நாளே போ" என்றேன். மாமாவும், "சீக்கிரம் போட்டுட்டு வந்து கூட்டினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து நின்றார். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். பிறகு ஒரு வெள்ளி கூடத் தவறவில்லை. கையில் எப்போதும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் எத்தனை சீப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கியதோ. நான் டூட்டிக்குப் போகும்போது இரண்டு பேரும் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வரும்போது பேசிக்கொண்டிருப்பார்கள். சில நாள் கோட்டைக்குப் போய் அகழிக் கரையில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ரூத்தும் ஹாஸ்டலிலிருந்து வந்துவிடுவாள். பேச்சு என்ன பேச்சு? மோட்டார் எத்தனை குதிரை சக்தி, குழாய் எத்தனை அங்குலம். அக்கா ம் கொட்டிக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு நான் பொரிந்து தள்ளுவேன். அவள் மிச்சப் பூண்டை உரித்துக்கொண்டிருப்பாள். மூச்சு நன்றாக வந்துவிட்டது, முகத்தில் சதை போட்டிருந்தது. சபையில் பாடுகிற கோயர் பாட்டு கூடப் பாட ஆரம்பித்திருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், அக்காவின் பட்டுப்புடவையை எடுத்து வர நான் ஆம்பூருக்குப் போனேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. கதவைத் திறந்ததும் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. பீரோ மேல் விரலை வைத்து இழுத்தேன். மரத்தூளே இல்லை. சமையல்கட்டு அலமாரி, பைபிள், ஜன்னல் கம்பி எதிலும் இல்லை. கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். ரம்ப மெஷின் மேல் கோணிச் சாக்கு போர்த்தியிருந்தது. சாக்குக்கும் தூணுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லீவு வெள்ளிக்கிழமை ஒரு நாள். அந்த ஒரு நாளும் மனுஷர் வேலூரில் இருக்கிறார். பிறகு யார் ரம்பம் ஓட்டுவது? தூசு போய் மாசக்கணக்காகிவிட்டது! இது தெரியாமல் அந்த மகாராஜன் இன்னும் மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. புடவையை எடுத்துக்கொண்டு ஓட்டமாக வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, கிளம்பு. உன் வீடு கண்ணாடி மாதிரி இருக்குது. மெஷின் ஓடவே இல்லை!"

அவள் புடவையை வாங்கி மடி மேல் வைத்துக்கொண்டாள். "தெரியும்டி" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"வெள்ளிக்கிழமையானா இங்க வந்துடறாரே, எப்படி ஓடும்?"

"தெரிஞ்சுமா இங்க உக்காந்திருக்க? வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

அக்கா புடவையை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, எரிச்சல்தான் மிச்சம்.

புனித வெள்ளி வந்தது. ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மாமா வாசலிலேயே காத்திருந்தார். சித்திரை வெயிலில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. முகம் அப்படி ஜொலித்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"முடிவு பண்ணிட்டேன்!" என்றார். "டிரம்முதான். கோயமுத்தூர்க்காரனுக்கு நாளைக்கே பணம் கட்டிடப் போறேன். கூரை வெட்ட ஆள் சொல்லிட்டேன். வர்ற மாசம் நீ வீட்டுக்கு வந்துடலாம். ரம்பத்தை ஜோரா ஓட்டலாம், ஒரு தூசு வராது உனக்கு."

"ஸ்தோத்திரம்!" என்று நான் கத்தியே விட்டேன். எத்தனை வருஷத்துப் போராட்டம்! அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. தலையிலிருந்த முக்காட்டை மெதுவாக எடுத்தாள். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

"ஏங்க, மழைக்காலத்துல மரத்தூள் நமுத்துப் போய்க் கட்டி கட்டியா வருமே. அந்த டிரம்மு அதையும் இழுக்குமா?"

மாமா செம்பைக் கீழே வைத்தார். வாய் லேசாகத் திறந்தது. நான் அக்காவைப் பிடித்து உலுக்கியிருப்பேன், ஆனால் அவள் கண் என்னை ஒரு பார்வை பார்த்தது. சின்ன வயசில் மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று பார்ப்பாளே, அதே பார்வை.

"அட ஆமா," என்றார் மாமா. "அதை நான் பாக்கவே இல்லையே. ஈரத் தூளை வெச்சில்ல டிரையல் பாக்கணும்? ஐப்பசி மழை வரணுமே அதுக்கு."

"வரட்டுமே," என்றாள் அக்கா. "மெதுவா பாத்து வாங்குங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு யோசித்தபடியே தரையில் உட்கார்ந்தார். அக்கா பூண்டுக் கூடையை எடுத்துவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.